நூறு டாலர் விலைச்சீட்டு

2005 டிசம்பரில் இன்டெல் நிறுவனத்தின் தலைவர் கிரெய்க் பாரெட் கொழும்புக்கு வந்திருந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் துனிஸ் நகரில் நடந்த ஐ.நா. தகவல் சமூக மாநாட்டில், பக்கத்தில் ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான் நிற்க, எம்ஐடி பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே ஒரு பச்சை நிற மடிக்கணினியைத் தூக்கிக் காட்டியிருந்தார். அதன் பக்கவாட்டில் ஒரு மஞ்சள் கைப்பிடி, சுற்றினால் மின்சாரம். விலை 100 டாலர். ஏழை நாடுகளின் பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒன்று என்பது திட்டம், அதற்காக அவர் தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பின் பெயரும் அதேதான்: ‘ஒன் லேப்டாப் பெர் சைல்டு’. கொழும்பில் அதைப் பற்றிப் பேசிய பாரெட், அதை மடிக்கணினி என்பதைவிட ‘100 டாலர் கேட்ஜெட்’ என்று அழைப்பதே பொருத்தம் என்றார்.

அந்த ஏளனத்தில் கொஞ்சம் நியாயம் இருந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது. முழுக் கணினி செய்யும் வேலையைச் செய்யாத ஒன்றை ஏழைகள் என்பதற்காகத் தள்ளிவிடக் கூடாது என்பது நியாயம். அந்தப் பச்சைப் பெட்டிக்குள் இருந்த சிப் ஏஎம்டி நிறுவனத்துடையது என்பது வயிற்றெரிச்சல். அதே ஆண்டு ஜூனில்தான் ஏஎம்டி, இன்டெல் சந்தையை முறைகேடாக வளைத்துப் பிடித்திருப்பதாக அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. (2009-ல் இன்டெல் 125 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.) பல லட்சம் பிள்ளைகள் முதன்முதலில் தொடும் கணினியில் போட்டியாளரின் சிப் இருப்பதை இன்டெல் சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா?

இதை நல்லவர் கெட்டவர் கதையாகச் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் லாபநோக்கற்ற அமைப்பும் சிப் கம்பெனியும் ஒரே இடத்தில்தான் வழுக்கின. இரண்டுமே விலைச்சீட்டை வைத்துத்தான் பேசின. பள்ளிக்கூடத்துக்கு விழும் செலவில் பெரும்பகுதி அந்தச் சீட்டில் இல்லை.

முதலில் அந்த இயந்திரத்தைப் பார்த்துவிடலாம். எக்ஸ்ஓ-1 என்று பெயர். ஏஎம்டி ஜியோட் செயலி, 433 மெகாஹெர்ட்ஸ். 256 எம்பி மெமரி, சேமிக்க 1 ஜிபி ஃபிளாஷ். ஹார்டு டிஸ்க் இல்லை, விசிறி இல்லை. தைவானின் குவான்டா நிறுவனம் 2007 நவம்பரில் பெருமளவு உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு முந்தைய மாதிரிகளில் செயலி 366 மெகாஹெர்ட்ஸ், மெமரி 128 எம்பி, ஃபிளாஷ் 512 எம்பிதான். பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட சுகர் என்ற இடைமுகம் அதில் மூச்சுவாங்கியது. மெமரியையும் ஃபிளாஷையும் இரட்டிப்பாக்கி, செயலியையும் வேகமாக்க வேண்டியிருந்தது, விலையும் கூடவே ஏறியது. 2007 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட விலை 188 டாலர். நிக்கல் விலை ஏறியதும் டாலர் மதிப்பு சரிந்ததும் சேர்ந்துகொண்டன. அவற்றைவிடப் பெரிய காரணம் ஆர்டர் வராததுதான். நூறு டாலர் என்ற கணக்கே பல லட்சம் எண்ணிக்கையில் ஆர்டர் வரும் என்று வைத்துப் போட்டது.

செயலி சுமார்தான். திரைதான் அதன் பெருமை. மேரி லூ ஜெப்சன் வடிவமைத்த 7.5 அங்குலத் திரை, 1200க்கு 900 புள்ளிகள். பின்விளக்கை அணைத்துவிட்டு வெயிலில் பிடித்தால் கருப்பு வெள்ளையில் அச்சடித்த தாள்போலத் தெரியும். மரத்தடியில் வகுப்பு நடக்கும் ஊர்களுக்கு இது பெரிய விஷயம். அன்றைய சாதாரண மடிக்கணினியை வெயிலில் வைத்துப் படிக்க முடியாது. திரைக்கென்று தனியாக ஒரு சிப் இருந்தது. செயலியை உறங்க வைத்துவிட்டு, திரையில் இருக்கும் பக்கத்தை அந்தச் சிப் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு பிள்ளை ஒரு பக்கத்தை 2 நிமிடம் படித்தால் அந்த 2 நிமிடமும் செயலி மின்சாரம் குடிக்க வேண்டியதில்லை. எண்ணம் அருமை. ஆனால் முதலில் வெளிவந்த மென்பொருளில் இந்த உறக்கம் சரியாக வேலை செய்யவில்லை. ஆகவே காகிதத்தில் கணக்கிட்ட பேட்டரி நேரம் வகுப்பறையில் கிடைக்கவில்லை.

துனிஸில் எல்லோரையும் கவர்ந்த கைப்பிடி உற்பத்திக்கு வரவே இல்லை. சுற்றும் விசை மொத்தமும் பிளாஸ்டிக் உடலின் ஒரே இடத்தில் இறங்கினால் அந்த இடம் விரிசல் விடும். மின்சாரம் விஷயத்தில் எக்ஸ்ஓ செய்த உருப்படியான காரியங்கள் மேடையில் காட்ட முடியாதவை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி சுமார் 2,000 முறை சார்ஜ் ஏற்றத் தாங்கும். அன்றைய சாதாரண மடிக்கணினி பேட்டரி 500 முறையோடு களைத்துவிடும். 11 முதல் 18 வோல்ட் வரை எந்த நேர்மின்சாரம் கொடுத்தாலும் சார்ஜ் ஆகும், கார் பேட்டரியில் நேராக மாட்டலாம். தவறாகத் திருப்பி மாட்டினாலும் கருகாது.

சார்ஜர் 17 வாட். இந்த ஒரு எண் ஒரு பள்ளிக்கு எவ்வளவு முக்கியம் என்று பார்க்கலாம். 30 பிள்ளைகள் உள்ள வகுப்பில் எல்லா எக்ஸ்ஓவையும் ஒரே நேரத்தில் சார்ஜ் போட்டால் 510 வாட். 230 வோல்ட்டில் ஓடும் 5 ஆம்பியர் பிளக் ஒன்று 1,150 வாட் வரை தாங்கும், ஆகவே ஒரே பிளக்கிலிருந்து இழுத்துவிடலாம். 65 வாட் சார்ஜர் உள்ள சாதாரண மடிக்கணினி என்றால் அதே வகுப்புக்கு 1,950 வாட். ஃபியூஸ் போகும், இல்லையென்றால் ஒயர் சூடாகும். தனி லைன் இழுக்க வேண்டும், மின்பணியாளர் வர வேண்டும். அந்தச் செலவு எந்த மடிக்கணினி டெண்டரிலும் எழுதப்படுவதில்லை. கட்டடப் பராமரிப்புக் கணக்கில் போய் விழும், பெரும்பாலும் விழாமலே போகும்.

இன்டெல் பக்கம் 2006 மே மாதம் எஜுவைஸ் என்று ஒரு மாதிரியைக் காட்டினார்கள். அது பிறகு கிளாஸ்மேட் ஆனது. 900 மெகாஹெர்ட்ஸ் செலரான் செயலி, 7 அங்குலத் திரை, 256 எம்பி மெமரி. விண்டோஸ் எக்ஸ்பி ஓடும், இலவச இயங்குதளமான லினக்ஸும் ஓடும். விலை 200 டாலருக்கு மேல். வெயிலில் திரை தெரியாது. ஆனால் ஆசிரியர் தன் கணினியிலிருந்து எல்லாப் பிள்ளைகளின் திரையையும் பார்க்கலாம், பூட்டலாம். எக்ஸ்ஓ பிள்ளையின் கையில் கொடுக்கும் பொருள், கிளாஸ்மேட் ஆசிரியரின் மேசைக்கு அடங்கிய பொருள். கல்வி அமைச்சக அதிகாரிக்கு எது பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்டெல்லின் உண்மையான பலம் அந்த இயந்திரத்தில் இல்லை. கிளாஸ்மேட்டை இன்டெல் தானே விற்கவில்லை. வடிவமைப்பைக் கொடுத்துவிடும், அந்தந்த நாட்டுக் கம்பெனி தன் பெயரில் செய்து விற்கும். பிரேசிலில் பாசிட்டிவோ, போர்ச்சுகலில் ஜே.பி. சா கூட்டோ. 2008 ஜூலையில் போர்ச்சுகல் பிரதமர் சோக்ரடீஸ் ‘மகல்யாய்ஸ்’ என்ற பெயரில் அறிமுகம் செய்தது கிளாஸ்மேட்டைத்தான். வீட்டு வருமானத்தைப் பொறுத்து பிள்ளைகளுக்கு இலவசமாக, அல்லது 20 யூரோ, அல்லது 50 யூரோ. உள்ளூர்த் தொழிற்சாலை என்றால் உள்ளூர் வேலை, உள்ளூர் சர்வீஸ், உள்ளூர் அரசியல்வாதிக்கு ஒரு திறப்பு விழா. எக்ஸ்ஓ பக்கம் சீனாவில் ஒரு தொழிற்சாலை, அமெரிக்காவில் ஒரு சின்ன அலுவலகம், அவ்வளவுதான். பழுதானால் பிள்ளைகளே சரிசெய்துகொள்வார்கள் என்ற நம்பிக்கை வேறு.

நெக்ரோபோன்டே விற்ற விதமும் விசித்திரம். தொடக்கத்தில் ஒரு நாடு குறைந்தது 10 லட்சம் வாங்க வேண்டும் என்றார். அதிபர்களையும் பிரதமர்களையும் நேரில் பார்த்துக் கைகுலுக்கினார். தாய்லாந்தில் பிரதமர் தக்சின் ஆர்வமாக இருந்தார், 2006 செப்டம்பரில் ராணுவம் அவரை இறக்கியது, ஆர்டரும் போனது. நைஜீரியா, லிபியா, பிரேசில், அர்ஜென்டினா என்று சொல்லப்பட்ட லட்சக்கணக்குகள் எதுவும் அப்படியே காசோலையாக மாறவில்லை. இந்தியா 2006-லேயே வேண்டாம் என்றுவிட்டது. அன்றைய கல்வித்துறைச் செயலர் இந்தக் கருத்தின் கல்வியியல் அடிப்படையே சந்தேகத்துக்குரியது என்று எழுதினார். அரசாங்கம் வாங்குவது கைகுலுக்கலில் நடக்காது, டெண்டரில் நடக்கும். டெண்டர் என்று வந்துவிட்டால் விற்பனைப் பிரதிநிதி உள்ளவன் ஜெயிப்பான்.

விற்பனைப் போட்டி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நைஜீரியா ஒரு உதாரணம். 2007-ல் அங்கே 17,000 கிளாஸ்மேட் வாங்கினார்கள், மாண்ட்ரீவா என்ற நிறுவனத்தின் லினக்ஸோடு. ஒப்பந்தம் முடிந்த பிறகு, அதை அழித்துவிட்டு விண்டோஸ் போடப்போவதாகச் சேதி வந்தது. மாண்ட்ரீவாவின் தலைமை நிர்வாகி, மைக்ரோசாஃப்டில் அதே பதவியில் இருந்த ஸ்டீவ் பால்மருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். கணினிகளை வழங்கிய உள்ளூர் நிறுவனத்தோடு மைக்ரோசாஃப்ட் 4 லட்சம் டாலருக்கு ஒரு சந்தைப்படுத்தல் ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தது செய்தியானது. பணம் போட்ட அரசு அமைப்பு தலையிட்டு, லினக்ஸே இருக்கட்டும் என்றது. 

இதற்கு நடுவில்தான் அந்த விநோதத் திருமணம். 2007 மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நெக்ரோபோன்டே, இன்டெல் வெட்கப்பட வேண்டும் என்றார். தன் திட்டத்தை ஒழிக்கவே கிளாஸ்மேட்டை அடக்கவிலைக்குக் கீழே விற்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. இரண்டே மாதத்தில், ஜூலை 13 அன்று, இன்டெல் அவருடைய அமைப்பின் இயக்குநர் குழுவில் வந்து உட்கார்ந்தது. ஏஎம்டி ஏற்கெனவே அங்கே உறுப்பினர். இன்டெல் சிப் போட்ட எக்ஸ்ஓ ஒன்றும் திட்டமிடப்பட்டது. 2008 ஜனவரி 3-ல் எல்லாம் முடிந்தது. பெருவில் இரண்டரை லட்சம் எக்ஸ்ஓ வாங்க ஒப்புக்கொண்டிருந்த அதிகாரியிடம், இன்டெல்லின் விற்பனைப் பெண் ஒருவர் கிளாஸ்மேட்டுக்கு மாறச் சொல்லிப் பேசியதாக நெக்ரோபோன்டே தரப்பு சொன்னது. கிளாஸ்மேட்டையே கைவிடச் சொன்னார்கள், அது முடியாது என்றோம் என்றது இன்டெல்.

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. ஒருவரை ஒருவர் தாழ்த்திப் பேசக் கூடாது என்று ஒப்பந்தத்தில் விதி இருந்தது. தலைமையகத்தில் கையெழுத்திட்ட விதி பெருவின் தலைநகர் லிமாவில் இருக்கும் விற்பனையாளரின் இலக்கை மாற்றாது. அவருக்குச் சம்பளம் வருவது கிளாஸ்மேட் எண்ணிக்கையில். போட்டியாளரைக் கூட்டாளியாகச் சேர்க்கும் எந்தத் தொண்டு நிறுவனமும் நன்கொடைத் தொகைக்கு முன்னால் எழுதிவைக்க வேண்டியவை வேறு. எந்த நாட்டில் யார் அமைச்சகத்தோடு பேசுவது. ஏற்கெனவே பேச்சு நடக்கும் நாடுகளின் பட்டியல், தேதியோடு. விதி மீறினால் முடிவு சொல்ல இரு தரப்புக்கும் வெளியே ஒருவர். இவை இல்லாமல் ‘தாழ்த்திப் பேசாதே’ என்பது, ஒரே தெருவில் எதிரெதிரே கடை வைத்த இருவரைப் பார்த்து வாடிக்கையாளரைக் கூப்பிடாதே என்பது மாதிரி.

அடுத்து மைக்ரோசாஃப்ட். கைப்பிடியைக் கேலி செய்த பில் கேட்ஸின் கம்பெனி, 2008 மே மாதம் எக்ஸ்ஓவில் விண்டோஸ் எக்ஸ்பி ஓட ஒப்பந்தம் போட்டது. 1 ஜிபி ஃபிளாஷில் எக்ஸ்பி அடங்காது என்பதால் எஸ்டி கார்டு தனியாக வேண்டும். அமைச்சகங்கள் விண்டோஸ் கேட்டன, அமைப்பு இறங்கி வந்தது. சுகரை வளர்த்த வால்டர் பெண்டர் அதற்குள் விலகியிருந்தார், அந்த மாதமே சுகர் லேப்ஸ் என்று தனியாகத் தொடங்கினார். திரையை வடிவமைத்த ஜெப்சனும் முன்பே போய்விட்டார். இலவச உழைப்பால் ஓடும் அமைப்புக்கு நன்கொடை நின்றால் சமாளிக்கலாம், உழைத்தவர்கள் போனால் ஈடு இல்லை.

இனி வகுப்பறை. எக்ஸ்ஓ எப்படிப் பழுதாகும் என்பது அதைக் கையாண்டவர்களுக்கு மனப்பாடம். தண்ணீரும் தூசியும் போகாமலிருக்க ரப்பர் சவ்வு விசைப்பலகை. அதில் சில விசைகள் அழுந்தியபடி சிக்கிக்கொள்ளும், பிறகு ரப்பர் கிழியும். டச்பேடில் விரல் ஈரம் பட்டால் சுட்டி திரையெங்கும் தாவும். விசைப்பலகையின் நான்கு மூலை விசைகளையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் டச்பேட் தன்னைத் திரும்பச் சரிசெய்துகொள்ளும். அழுத்தும்போது விரல் டச்பேடில் படக் கூடாது, பட்டால் கோளாறு கூடும். இந்த ஒரு வித்தை தெரியாமல் ‘பழுது’ என்று ஓரம் கட்டப்பட்ட கணினிகள் உண்டு.

மோசமான பழுது சேமிப்பிடம் நிறைவது. பிள்ளைகள் படமும் வீடியோவும் எடுத்துத் தள்ளுவார்கள். 1 ஜிபி நிறைந்ததும் கணினி தொடக்கத் திரையிலேயே நின்றுவிடும். யுஎஸ்பியில் மென்பொருளை வைத்து, திரைக்குப் பக்கத்தில் உள்ள நான்கு விளையாட்டுப் பொத்தான்களையும் அழுத்தியபடி இயக்கினால் புதிதாக ஏறிவிடும். ஆனால் பிள்ளை செய்துவைத்த எல்லாம் போய்விடும். பள்ளி சர்வரில் நகல் எடுத்திருந்தால் தப்பிக்கலாம், சர்வர் ஓட மின்சாரம் வேண்டும். பிறகு கடிகார பேட்டரி. அதன் பிடி தளர்ந்தால் தேதி தொலையும். தேதி தவறினால், திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு, களவு போன கணினி என்று நினைத்துக்கொண்டு முரண்டு பிடிக்கும். ஒரு நாணய அளவு பேட்டரி, ஒரு துண்டு டேப், ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். இவை மூன்றும் பள்ளியில் இருக்க வேண்டும், திறந்து பார்க்க அனுமதியும் ஆசிரியருக்கு இருக்க வேண்டும். அனுமதிதான் பெரும்பாலும் இல்லாதது.

உருகுவேயும் பெருவும் வாங்கியது ஒரே இயந்திரம். உருகுவே 2007 மே மாதம் வில்லா கர்தால் என்ற சிற்றூரில் தொடங்கி, 2009 அக்டோபருக்குள் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுத்து முடித்தது. அரசு ஆய்வகமான லாட்டு திட்டத்தை நடத்தியது. அரசுத் தொலைபேசி நிறுவனம் பள்ளிகளுக்கு இணையம் கொடுத்தது. பல்கலைக்கழக மாணவர்கள் ஊர் ஊராகப் போய் உதவினார்கள். திட்ட இயக்குநர் சொன்ன கணக்குப்படி ஒரு பிள்ளைக்கு மொத்தம் 260 டாலர்: கருவி, பழுதுபார்ப்பு, பயிற்சி, இணையம் எல்லாம் சேர்த்து. பராமரிப்புக்கு மட்டும் ஆண்டுக்கு 21 டாலர். 100 டாலர், 188 டாலர் என்றெல்லாம் விளம்பரம் ஓடிய காலத்தில் வாங்கியவர் வெளியே சொன்ன நேர்மையான விலை இது.

பெரு 8 லட்சத்துக்கு மேல் வாங்கியது, முதலில் மிகத் தொலைவிலிருந்த சின்னப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அங்கே இணையம் இல்லை, பழுது பார்க்க ஆள் இல்லை, ஆசிரியருக்குக் கிடைத்த பயிற்சி சொற்பம். தொலைந்தால் தாங்கள் பணம் கட்ட வேண்டும் என்று பயந்து பெற்றோர் பலர் வீட்டுக்கு வேண்டாம் என்றார்கள். 319 கிராமத் தொடக்கப் பள்ளிகளை வைத்து அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி நடத்திய ஆய்வு 2012-ல் வந்தது. ஒரு பிள்ளைக்கு 0.12 கணினி என்றிருந்தது 1.18 ஆகியும் கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் நகரவில்லை. பொது அறிதிறன் சோதனையில் மட்டும் ஓரளவு ஏற்றம். கணினியைக் குறை சொல்ல இந்த ஆய்வைக் காட்டுவார்கள். கணினியை மட்டும் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதைத்தான் அது அளந்தது.

நேபாளத்தில் ஓஎல்இ நேபாளம் என்ற உள்ளூர்த் தொண்டு அமைப்பு வேறு வரிசையில் போனது. நேபாளப் பாடத்திட்டத்துக்கேற்ற பாடங்களைத் தானே எழுதி, ஆசிரியர்களைத் தயார் செய்து, சில பள்ளிகளில் மட்டும் தொடங்கியது. எண்ணிக்கை சின்னது, செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வராது. என்னைக் கேட்டால் கூட்டாண்மை என்ற சொல்லுக்கு இந்தக் கதையில் பொருத்தமானது அதுதான்.

விலைப் போட்டியைக் கடைசியில் முடித்துவைத்தது இருவரில் ஒருவரும் இல்லை. 2007 அக்டோபரில் அசுஸ் ஈ-பிசி கடைக்கு வந்தது. சின்ன, மலிவான மடிக்கணினிக்கு ஆள் உண்டு என்று எக்ஸ்ஓ காட்டியதை அது சாதாரண மக்களுக்கு விற்றது. அடுத்த ஆண்டு இன்டெல் ஆட்டம் சிப்பைக் கொண்டுவர, நெட்புக் சந்தையே உருவானது. 2011 செப்டம்பர் 15-ல் தமிழ்நாட்டில் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது தொண்டு அமைப்பு எதுவும் தேவைப்படவில்லை. அரசின் எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டது, கம்பெனிகள் சாதாரண மடிக்கணினிகளைக் கொடுத்தன.

பள்ளிக்கு வாங்குபவர்கள் டெண்டர் தாளில் எழுத வேண்டியவை இன்றும் கிட்டத்தட்ட அதேதான். நூற்றுக்கு 5 முழுக் கணினிகள் மாற்றாக, நூற்றுக்கு 10 விசைப்பலகையும் சார்ஜரும் தனியாக, முதல் லாரியிலேயே வந்துவிட வேண்டும். பிறகு அனுப்புகிறோம் என்பது அனுப்ப மாட்டோம் என்பதன் மரியாதையான வடிவம். சார்ஜர் வாட்டுக்கு உச்சவரம்பு. பேட்டரிக்குத் தனி வாரண்டி. ஆசிரியர் மூடியைத் திறந்தால் வாரண்டி போகாது என்ற உறுதி. மென்பொருளைப் புதிதாக ஏற்றும் முறை உள்ளூர் மொழியில், அச்சில்.

பிறகு பூட்டு. கிளாஸ்மேட் வகைக் கணினிகளில் திருட்டைத் தடுக்க ஒரு சான்றிதழ் முறை இருந்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் பள்ளி சர்வரைத் தொடாவிட்டால் கணினி பூட்டிக்கொள்ளும். 2010-ல் தொடங்கிய அர்ஜென்டினாவின் கொனெக்தார் இகுவால்தாத் திட்டத்தில், விடுமுறை நீண்டாலோ பள்ளி சர்வர் படுத்தாலோ பிள்ளைகளின் கணினிகள் வரிசையாகப் பூட்டிக்கொண்டன. திறக்கும் குறியீட்டுக்கு விண்ணப்பம், காத்திருப்பு. வழங்குபவர் போன பின்னும் பூட்டைத் திறக்கும் சாவி மாவட்டக் கல்வி அலுவலகத்தில், பெயர் குறிப்பிட்ட இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். சர்வர் இல்லாமல் யுஎஸ்பி வழியாகவே திறக்க முடிகிறதா என்பதை, பணம் கொடுப்பதற்கு முன் 10 கணினிகளில் சோதித்துப் பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.